ஃபோன் பேசிக்கொண்டே வந்து இடித்துவிட்டான்: விபத்து நடந்த நிமிஷத்திலிருந்து பணம் கைக்கு வரும் வரை

சேரன்மகாதேவி போகிற ரோட்டில், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆவணி மாதச் சாயங்காலம், சித்தப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லைப் பின்னால் வந்த கார் தூக்கிப் போட்டது. வண்டியின் முன்சக்கரம் வாய்க்காலுக்குள், பின்னால் கட்டியிருந்த வாழைத்தார் உடைந்து ரோடெல்லாம் காய். காரை ஓட்டி வந்த பையன் கதவைத் திறந்துபோட்டு இறங்கி நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். காருக்குள்ளே பிரேக் பெடல் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஃபோனில் ஒரு பொம்பளைக் குரல் இன்னும் "ஹலோ... கேக்குதா? ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம். எதிரே டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி சொன்னது இது. நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவை 108 ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் எஃப்.ஐ.ஆர். நகலைப் படித்தால் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்" என்று, நம்மூரில் எந்த விபத்து எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் இருக்கிற அதே வரி. ஃபோனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. போலீசைக் குறை சொல்ல முடியாது, புகார் எழுதிக் கொடுத்தவனே நான்தான், பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை. விட்டுப்போன அந்த ஒரு வரியை வழக்குக்குள் திரும்பக் கொண்டுவர நாங்கள் நடந்த நடை கொஞ்சமில்லை. நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீசுக்கு நடந்தே செருப்பு தேய்ந்தவன். நீங்கள் அந்த நடை நடக்க வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஃபோன் என்ன செய்கிறது

கணக்கு எளிது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. வாட்ஸப்பில் யார் அனுப்பியிருக்கிறார்கள் என்று மூன்று செகண்ட் குனிந்து பார்த்தால் 50 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் நாலுவழிச் சாலையில் 100-ல் போகிறவருக்கு அதே மூன்று செகண்ட் 83 மீட்டர். அந்த 83 மீட்டருக்குள் ஆட்டு மந்தை குறுக்கே வரலாம், ராங் சைடில் பால் கேனோடு ஒருத்தர் வரலாம், பணகுடி தாண்டினால் காற்று வேறு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்.

"நான் கையில பிடிக்கவே மாட்டேன், புளூடூத்லதான் பேசுவேன்" என்கிறவர்கள்தான் என்னிடம் அதிகம் சண்டைக்கு வருகிறார்கள். கை சும்மா இருக்கலாம், கண்ணும் ரோட்டில் இருக்கலாம், மனசு இருக்காதே. தங்கச்சி கல்யாணத்துக்கு எத்தனை பவுன் என்று பேசிக்கொண்டிருப்பவன் கண்ணில் சிவப்பு விளக்கு படும், மண்டையில் ஏறாது. ஃபோனில் பேசிக்கொண்டு ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சாதாரணமாக ஓட்டுகிறவரைப்போல நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஹேண்ட்ஸ்ஃப்ரீயாக இருந்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. டூவீலரில் ஹெல்மெட்டுக்குள் ஃபோனைச் செருகிக்கொண்டு போகிறவர்கள், செருக ஹெல்மெட்டும் இல்லாமல் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கழுத்தைச் சாய்த்தபடி போகிறவர்கள் எல்லாம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அஞ்சு நிமிஷம் நின்றால் தெரிவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988, 184-வது பிரிவு. ஓட்டும்போது கையில் ஃபோன் பயன்படுத்துவதை 2019 திருத்தத்தில் பெயர் சொல்லியே "அபாயகரமாக ஓட்டுதல்" என்பதற்குள் சேர்த்துவிட்டார்கள். முதல் தடவை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழி பார்க்க மேப் வைத்துக்கொள்ளலாம், ஓட்டுகிறவரின் கவனம் கலையாதபடி மட்டும் என்று 2020-ல் ஒரு விதி வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "மேப்தான் பார்த்தேன்" என்பது கோர்ட்டில் அடிக்கடி வரும் பதில். ஸ்டாண்டில் மாட்டி வைத்த மேப் வேறு, மடியில் வைத்துத் தட்டிக்கொண்டு வந்த மேப் வேறு.

முதல் ஒரு மணி நேரம்

ஆளைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. 108-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம். கழுத்து, முதுகில் அடி இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் நாலு பேராகத் தூக்கி ஆட்டோவுக்குள் மடக்கி வைக்காதீர்கள். தூக்கிப் போனால் நம்மைக் கேஸில் இழுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை, ஆனால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவுப்படி நல்ல எண்ணத்தில் உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

ஆளை ஏற்றி அனுப்பிய பிறகு ஒருத்தர் அங்கேயே நிற்க வேண்டும். எல்லோரும் ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஓடிவிடுவதுதான் நம் வழக்கம், நாங்களும் அதைத்தான் செய்தோம். நிற்கிறவர் வண்டிகளை நகர்த்துவதற்கு முன் ஃபோட்டோ எடுக்க வேண்டும். வண்டி எண் தெரிகிற மாதிரி ஒன்று, இரண்டு வண்டியும் ரோட்டின் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்று தெரிகிற மாதிரி ஒன்று, பிரேக் போட்ட டயர் தடம் (தடமே இல்லையென்றால் அதையும், ஏனென்றால் பிரேக்கே போடவில்லை என்றால் டிரைவர் ரோட்டைப் பார்க்கவில்லை என்று வாதாட ஒரு பிடி கிடைக்கும்), காருக்குள் ஃபோன் எங்கே கிடக்கிறது என்று ஒன்று. ஃபோனைக் கையால் எடுக்காதீர்கள், பிடுங்கவும் பிடுங்காதீர்கள், படம் மட்டும். டிரைவர் பேசுவதை வீடியோ எடுக்க முடிந்தால் நல்லது. அந்தப் பத்து நிமிஷத்தில் எல்லா டிரைவரும் உண்மை பேசுவார்கள், மச்சான் வந்து சேர்ந்த பிறகு பேச மாட்டார்கள்.

அப்புறம் பார்த்தவர்களின் பெயரும் ஃபோன் நம்பரும். சுற்றி நிற்கிற ஐம்பது பேரில் கோர்ட்டுக்கு வரப் போகிறவர் ஒருத்தர்தான். அவர் பெரும்பாலும் கடைக்காரராகத்தான் இருப்பார், அவருக்குத்தான் அந்த இடத்தை விட்டுப் போக முடியாது.

ஆஸ்பத்திரியில் எழுதப்படும் முதல் வரி

அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, விபத்து என்று கொண்டுபோனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. "எப்படி அடிபட்டது" என்று டாக்டர் கேட்கும்போது கூட இருப்பவர் வாயில் வருவது அப்படியே ஏறிவிடும். சித்தப்பாவை முதலில் கொண்டுபோன இடத்தில், உதவிக்குப் போன பையன் "வண்டியில இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். விழுந்தது உண்மைதானே! ஆனால் ஏ.ஆரில் "டூவீலரில் இருந்து விழுந்து" என்று ஏறிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒன்றரை வருஷம் கழித்து அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி "தானாக விழுந்தவருக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?" என்று கேட்டார்.

ஆகவே கூட இருக்கிறவர் சொல்ல வேண்டியது: இந்த நேரம், இந்த இடம், கார் வந்து இடித்தது. எண் தெரிந்தால் எண்ணும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் அங்கேயும் அதையே சொல்லுங்கள், இரண்டு இடத்தில் இரண்டு கதை இருக்கக் கூடாது.

பணத்துக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்தது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கி அப்புறம் உயர்த்தினார்கள். மத்திய அரசும் 2025 மே மாதத்தில் ஒரு திட்டம் கொண்டுவந்தது, விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை. சேர்க்கும்போதே "48 திட்டத்துல போடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காதவருக்கு பில் வந்துவிடும்.

இலவசமாகவே பார்த்தாலும் துண்டுச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில், ஆட்டோ வாடகை, கூட இருந்து பார்த்தவர் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்ற கணக்கு எல்லாம் ஒரு ஃபைலில். சித்தி ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பையைத்தான் வக்கீல் முதலில் கேட்டார்.

ஸ்டேஷனில்: "நமக்குள்ள எதுக்கு கேஸு?"

மூன்றாம் நாள் கார்க்காரர் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருத்தர், ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம் வந்தார். "நமக்குள்ள எதுக்குத் தாயி கேஸு? ஆஸ்பத்திரி செலவு பூரா நாங்க பாத்துக்கிடுதோம். பையனுக்கு வெளிநாடு போக விசா வந்திருக்கு." சித்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆளு எந்திரிச்சு நடக்கட்டும் அண்ணாச்சி, பொறவு பேசுவோம்." அவளுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் எனக்குப் பழக்கமானவர்களில் சட்டம் தெரிந்த பலர் அந்த இடத்தில் இருபதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு பத்திரத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். காலில் கம்பி வைத்தது மூன்று மாதம் கழித்துச் சீழ் பிடித்தால் அப்போது கூப்பிட்டால் ஃபோன் எடுக்க மாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, நம் காயம் எவ்வளவு என்று நமக்கே தெரியாத நேரத்தில் விலை பேசாதீர்கள் என்கிறேன். எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் பின்னால் இழப்பீட்டு வழக்கு ரொம்பவே கஷ்டம்.

புகார் மனுவைத்தான் நிதானமாக எழுத வேண்டும். எங்களுக்குப் பிற்பாடு வக்கீல் சொல்லிக் கொடுத்த வாசகத்தை அப்படியே தருகிறேன், விவரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்:

"மேற்படி காரின் ஓட்டுநர் ஒரு கையில் செல்ஃபோனில் பேசிக்கொண்டே அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, சாலையின் இடது ஓரமாகச் சென்றுகொண்டிருந்த என் சித்தப்பாவின் வாகனத்தின் பின்புறம் மோதினார். இதை எதிரே கடை வைத்திருக்கும் இன்னார் நேரில் பார்த்தார். ஓட்டுநரின் செல்ஃபோன் அழைப்பு விவரங்களையும் சம்பவ இடத்தின் அருகே உள்ள கண்காணிப்பு கேமரா பதிவுகளையும் கைப்பற்றி விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியம் முக்கியம். பார்க்காததை மட்டும் எழுத வேண்டாம். நீங்கள் இடத்தில் இல்லையென்றால் "பார்த்தவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்" என்றே எழுதுங்கள்.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி), வழக்குப் பதிந்ததும் எஃப்.ஐ.ஆர். நகல், இரண்டும் இலவசமாக உங்களுக்குத் தர வேண்டியவை. பாரதிய நியாய சன்ஹிதாவில் 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), 125 (காயம்), உயிர் போயிருந்தால் 106 என்று பிரிவுகள் இருக்கும். 106-க்கு ஐந்து வருஷம் வரை சிறை. ஃபோன் விஷயம் சொல்லியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் சேர்க்கிறார்களா என்று பாருங்கள். பதியவே மாட்டேன் என்றால் மாநகர எல்லைக்குள் கமிஷனர் அலுவலகத்துக்கும், புறநகர் என்றால் எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். எங்களைப்போல எஃப்.ஐ.ஆரில் விட்டுப்போனவர்கள் விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம், டீக்கடை அண்ணாச்சியின் வாக்குமூலத்தை அப்படித்தான் சேர்த்தோம்.

ஒரு எச்சரிக்கை. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிந்ததும் "நம்ம சொக்காரன் வண்டியை மாத்திக் காட்டிக்கிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். டிரைவரை மாற்றச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், பணமும் வராது, மோசடி வழக்கில் உங்கள் பெயரும் சேரும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

ஃபோனுக்குச் சாட்சி எங்கே?

கேமராவில் இருக்கும், அதுவும் கொஞ்ச நாள்தான். கடை கேமராக்கள் பதினைந்து நாள், ஒரு மாதத்தில் பழைய பதிவின் மேலேயே புதிதைப் பதிந்துவிடும். முதல் வாரமே கடைக்காரரிடம், பெட்ரோல் பங்கில், போகிற வழியில் டோல்கேட் இருந்தால் அங்கேயும், பதிவை அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். போலீசிடமும் சொல்லுங்கள். வீடியோ கோர்ட்டில் நிற்க வேண்டுமென்றால் பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவுச் சான்று வேண்டும், அது வக்கீல் பார்த்துக்கொள்வார், பதிவு யாரிடம் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னால் போதும்.

அழைப்பு விவரம், அதாவது சி.டி.ஆர்., டெலிகாம் கம்பெனியிடம் இருக்கும். குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு விதி. நீங்களும் நானும் கேட்டால் தர மாட்டார்கள், போலீசோ கோர்ட்டோ கேட்க வேண்டும். எங்கள் வழக்கில் போலீஸ் வாங்கவில்லை, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு வரவழைத்தோம். வந்தது ஒரு பக்கம்தான். 108-க்கு டீக்கடை அண்ணாச்சி கூப்பிட்ட நேரம் மாலை 6:14. கார் டிரைவர் நம்பரில் ஓர் அழைப்பு 6:02-க்கு ஆரம்பித்து 6:13 வரை ஓடியிருந்தது. அந்தப் பதினொரு நிமிஷம்தான் "ஹலோ, கேக்குதா". அதைப் பார்த்த பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் குரலை இறக்கிவிட்டார். வாட்ஸப் கால் என்றால் இந்தத் தாளில் இவ்வளவு சுத்தமாகத் தெரியாது, அப்போது நேரில் பார்த்த சாட்சிதான் கை கொடுக்கும்.

இன்னொன்று: கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். அங்கே டிரைவர் விடுதலையானாலும் இங்கே உங்களுக்குப் பணம் கிடைக்கலாம்.

எந்தப் பிரிவில் கேட்பது

இங்கே சொல்கிற எண்கள் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவுகள். 166 என்பது முழு இழப்பீடு. இடித்தவர் மேல் தப்பு என்று காட்ட வேண்டும், உச்சவரம்பு கிடையாது. 164 என்பது தப்பு யார் மேல் என்று பேசாமலே கிடைக்கும் நிலையான தொகை, உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். இன்சூரன்ஸ் கம்பெனி 164 தொகையை நீட்டி நீங்கள் வாங்கிக்கொண்டால் 166 மனு செத்துப்போகும், இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நாற்பது வயதுக்காரர் இறந்த வீட்டில் 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் கீழே நான் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போய், வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் 161. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம், கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் விசாரித்து ஆட்சியர் உத்தரவு போடுவார்.

இடித்தது வேறு யாருமில்லை, தானே ஃபோன் பார்த்துப் போய் மரத்தில் மோதியவர் 166-ல் கேட்க முடியாது. வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்சும் இருந்து, பாலிசியில் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் எடுத்திருந்தால் அதில் கேட்கலாம். பின்னால் உட்கார்ந்து போனவர் கவனிக்க வேண்டியது: தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள டூவீலர் பாலிசியில், ஓட்டியவர் தப்பால் விழுந்தால் பின்னால் இருந்தவருக்கு அந்தப் பாலிசி பணம் தராது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்கிறோமே, அதை எடுப்பதற்கு இது ஒரு காரணம்.

166-ல் மனுப் போட, விபத்து நாளிலிருந்து கெடு ஆறு மாதம். 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த விபத்துக்கு இதுதான் சட்டம். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன, அதனால் கெடு தாண்டியவர்கள் கைவிட்டுவிடாமல் வக்கீலைப் பாருங்கள், தாண்டாதவர்கள் தாண்டவே விடாதீர்கள். மனுவை விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் குடியிருக்கிற இடத்திலோ, எதிராளி இருக்கிற இடத்திலோ போடலாம். கங்கைகொண்டானில் அடிபட்டவர் ஊர் தென்காசி என்றால் பாளையங்கோட்டைக்கு அலைய வேண்டியதில்லை. போலீசே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், விரிவான அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் விதி இருக்கிறது. இருக்கட்டும். அதை நம்பிச் சும்மா இருக்காமல் தனி மனு போட்டுவிடுங்கள்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வாய்ப்பாடு மாதிரி சொல்லிவிட்டது. விபத்தில் இறந்தவர் 38 வயது லோடுமேன், மாதம் 15,000 சம்பாதித்தவர், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் அல்லது நிரந்தரமில்லாத வேலை, 40 வயதுக்குக் கீழ் என்பதால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. நம்பி இருப்பவர்கள் நான்கு பேர், அவர் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. வருஷத்துக்கு 1,89,000. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கும் எண் 15. ஆக 28,35,000. அதற்கு மேல் ஈமச் சடங்குச் செலவு, துணை இழப்பு என்று கொஞ்சம் சேரும்.

இப்போது அதே ஆளுக்கு வருமானச் சான்று இல்லை, தீர்ப்பாயம் 10,000 என்று எடுத்துக்கொள்கிறது என்று போட்டுப் பாருங்கள், 18,90,000. கிட்டத்தட்ட ஒன்பதரை லட்சம் போச்சு, ஒரு தாள் இல்லாததால். கொத்தனார், பீடி சுற்றுகிறவர், வாழைத்தார் வெட்டுகிறவர் யாரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது? அதனால் பீடிக் கம்பெனி பாஸ்புக், நலவாரிய அட்டை, மேஸ்திரியின் சாட்சி, மகளிர் குழுக் கடன் தவணை கட்டிய நோட்டு, ஜிபேயில் கூலி வந்த வரலாறு என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வருமானம் இல்லை என்று சொல்ல விடாதீர்கள், வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டு இழப்பீடு தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பல தடவை சொன்னது.

காயத்தில் உடல் ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு சொல்லும், ஆனால் அந்த எண்ணோடு நிற்கக் கூடாது. சித்தப்பா கொத்தனார். கால் சேர்ந்துவிட்டது, நடக்கிறார், ஆனால் சாரத்தில் ஏற முடியாது. ஆபீஸ் வேலைக்காரருக்கு அது 30 சதவீதம் என்றால் கொத்தனாருக்குப் பிழைப்பே போச்சு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற 2010 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதைத்தான் பார்க்கச் சொல்கிறது. சித்தப்பாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி "கடைசியா எப்ப சாரம் ஏறினீங்க?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். "அந்த ஆடியில" என்றார் சித்தப்பா. வேறு எதுவும் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு சொல்லப் போவதும் தெரிந்ததுதான். திடீரென்று திரும்பினார், ஹெல்மெட் இல்லை, மூன்று பேர் போனார்கள், வாழைத்தார் கட்டியிருந்ததால் தடுமாறினார். உங்கள் பக்கத்திலும் தப்பு என்று சொல்லி 20, 30 சதவீதம் கழிக்கப் பார்ப்பார்கள். மூன்று பேர் போனது மட்டுமே விபத்துக்குக் காரணம் ஆகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த இடத்தில்தான் ஃபோன் பதிவு உதவுகிறது, பின்னால் வந்தவன் ரோட்டையே பார்க்கவில்லை என்றால் முன்னால் போனவர் எப்படித் திரும்பினால் என்ன? எங்கள் வழக்கில் ஒரு ரூபாய் கழிக்கவில்லை.

வக்கீல், புரோக்கர், லோக் அதாலத்

வார்டு வாசலிலேயே "கேஸ் நாங்க பாத்துக்கிடுதோம், வந்தா கொடுங்க போதும்" என்று ஒருத்தர் வருவார். வக்கீல் தேடி வந்து ஆள் பிடிக்கக் கூடாது, வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று ஃபீஸ் பேசக் கூடாது, இரண்டுமே பார் கவுன்சில் விதி. வெற்றுத் தாளிலும் வெற்று செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காசு இல்லை என்றால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுத்தால் இலவசமாக வக்கீல் தருவார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்ப்பதில்லை, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100-க்கு ஃபோன் போட்டும் கேட்கலாம்.

லோக் அதாலத்தில், அதாவது இரண்டு தரப்பும் சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்தில், சீக்கிரம் முடியும், ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. கம்பெனி சொல்லும் தொகையை மேலே இருக்கும் கணக்கோடு ஒப்பிட்டு, இரண்டு வருஷம் முன்கூட்டிக் கிடைப்பதற்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவெடுத்துவிட்டுப் போங்கள். அங்கே போய் யோசிக்க நேரம் தர மாட்டார்கள்.

தீர்ப்புக்கு அப்புறம்

தொகை குறைவு என்று நினைத்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு. கம்பெனியும் போகலாம், முதலில் கொஞ்சம் பணம் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வட்டி பெரும்பாலும் மனு போட்ட தேதியிலிருந்து ஓடும். பிள்ளைகள் பங்கு அவர்கள் மேஜராகும் வரை வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும், பெரியவர்கள் பங்கிலும் ஒரு பகுதியை அப்படிப் போடச் சொல்லலாம்.

பணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதனால் மனு போடுகிற அன்றே ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சித்தப்பாவுக்கு ஆதாரில் சுடலைமுத்து, பாஸ்புக்கில் சுடலை. தீர்ப்பு வந்து, கம்பெனி பணமும் கட்டிய பிறகு, அந்த முத்துவுக்காக ஆறு வாரம் அலைந்தோம்.